தாஹியின் தலைமுடி

யோங்ஜு
7 அக்டோபர் 2003

யூன்சோல்,

உன் கடிதம் வந்தது. கைபேசி எண்ணையே மாற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவளுக்குக் கடிதம் போட்டால் மட்டும் பதில் வரும் என்று உனக்கு எப்படித் தோன்றியதோ. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் இன்றைக்கு யார் தலையையாவது பிடித்து இழுத்துவிடுவேன்.

"நவம்பர் பதினைந்தாம் தேதி ஃபேஷன் ஷோவில் முடி அலங்காரம் முழுக்க என் பொறுப்பு அக்கா, நீங்கள் எனக்கு உதவிக்கு வர வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். உதவிக்கு. உனக்கு இரண்டு வருஷம் முன்னால் அந்த சலூனில் சேர்ந்தவள் நான். நீ இப்போது நின்று வெட்டுகிற நாற்காலி என் நாற்காலி. நீ கை நீட்டினால் கிளிப் எடுத்துக் கொடுக்க நான் சியோலுக்கு பஸ் ஏறி வர வேண்டுமா? கேட்க உனக்கு நாக்கு எப்படி வந்தது?

இங்கே என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். சந்தைக்குப் பின்னால் என் அத்தை கடையில் பெர்ம் போடுகிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தலை. எல்லாத் தலைக்கும் ஒரே சுருள். "நல்லா இறுக்கிச் சுத்தும்மா, புத்தாண்டு வரைக்கும் நிக்கணும்" என்பார்கள். பிறகு, "இருபத்தேழு வயசாச்சு, கல்யாணம் காட்சின்னு இல்லாம ஏன் இங்க வந்து உக்காந்திருக்க?" என்பார்கள். "வாயைத் திறந்தா மருந்து உள்ள போயிடும் பெரியம்மா" என்று சொல்லித்தான் மூட வைக்கிறேன்.

ப்ளீச் டப்பாவை மட்டும் நான் திறப்பதில்லை. போன வருஷம் செப்டம்பரில் தாஹியின் முடி கொத்துக் கொத்தாக என் கையோடு வந்ததை நீயும்தானே பக்கத்தில் நின்று பார்த்தாய். நான்கு வருஷம் தலை கழுவி, இரண்டு வருஷம் கத்தரி பிடித்து, முதல் பத்திரிகை அட்டைப்படம் எனக்குக் கிடைத்த நாள். அந்த மாடல் பெண்ணின் முடியைத் தொட்டுப் பார்த்து, "எதுவும் செய்யாத சுத்தமான முடி" என்று சொன்னவள் நான்தான். இந்த விரல்கள் பொய் சொல்லிவிட்டன. பொய் சொன்ன விரல்களை வைத்துக்கொண்டு எந்த மேடைக்கு வருவது?

ஒன்றை மட்டும் மறக்கவில்லை. தாஹியின் அம்மா இஞ்சோனிலிருந்து வந்து கத்தியபோது, சலூன் நடுவில், அத்தனை வாடிக்கையாளர்களும் கண்ணாடி வழியாகப் பார்க்க, நான் தரையில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் எங்கோ பார்த்தார்கள். நீ ஒருத்திதான் வந்து, என் முட்டிக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்தாய். அதற்காகத்தான் இவ்வளவு மரியாதையாக எழுதுகிறேன். வேறு எவளாவது "உதவிக்கு வா" என்று எழுதியிருந்தால் கிழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வர மாட்டேன்.

ஹேரான்


சியோல்
13 அக்டோபர் 2003

ஹேரான் அக்கா,

உங்கள் கடிதத்தைத் தலை கழுவும் இடத்தில் ஒளிந்து நின்று படித்தேன். அழுதேன், பிறகு கோபம் வந்தது. கோபத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

நாற்காலியை நான் பிடுங்கிக்கொண்டேனா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போனீர்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் என் தலையில் விழுந்தார்கள். ஒவ்வொருத்தரும் நான் வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து, "ஹேரான் இருந்தா இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் குறைச்சிருப்பா" என்றுதான் எழுந்திருக்கிறார்கள். ஒரு வருஷமாக இதைக் கேட்கிறேன். நீங்கள் மட்டும்தான் பட்டீர்கள் என்று நினைக்காதீர்கள்.

உங்களைக் கிளிப் எடுத்துக் கொடுக்கக் கூப்பிடவில்லை. அதை நான் சரியாக எழுதவில்லை. விஷயம் என்னவென்றால், அந்த ஷோவில் முதலில் நடக்கப்போவது தாஹி. அதே தாஹிதான். அன்றைக்கு மிஞ்சின முடியை நீங்கள் ஒட்ட வெட்டி அனுப்பினீர்களே, அந்தத் தலையைப் பார்த்துத்தான் ஒரு புகைப்படக்காரர் அவளைக் கூப்பிட்டார். இப்போது அவளுக்கு நல்ல பெயர். முடி காதுவரை வளர்ந்திருக்கிறது. உடை வடிவமைப்பாளர் அதை வெள்ளி நிறத்துக்கு ப்ளீச் செய்யச் சொல்கிறார்.

தாஹி என்னிடம் தலையைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். "ஹேரான் அக்கா வந்தா உக்காருறேன். இல்லன்னா விக் வெச்சுக்கோங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். வடிவமைப்பாளர் விக் கூடாது என்கிறார். முதலாளியம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. என் முதல் ஷோ அக்கா. இது போனால் அடுத்தது வராது.

விரல்கள் பொய் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. உங்கள் விரல்கள் மேல் தப்பில்லை. அதை மட்டும் நினைக்காதீர்கள்.

யூன்சோல்


யோங்ஜு
16 அக்டோபர் 2003

யூன்சோல்,

உன் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன்.

நீ ஆறுதல் சொல்கிறவளாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு அழுது எழுதுவாய். இது ஆறுதல் இல்லை. என்னமோ தெரிந்தவள் எழுதுகிற எழுத்து. என்னால் முடி கெட்டுப்போன பெண், என்னைத்தான் கூப்பிடு என்கிறாள், உன்னிடம் உட்கார மாட்டேன் என்கிறாள். அது ஏன்?

என்ன நடந்தது? சுற்றி வளைக்காமல் எழுது.

ஹேரான்


சியோல்
21 அக்டோபர் 2003

ஹேரான் அக்கா,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

தாஹியின் முடி எதுவும் செய்யாத முடி இல்லை. அதற்கு மூன்று வாரம் முன்னால் நான் அதை மருந்து வைத்து ஸ்ட்ரெய்ட்னிங் செய்திருந்தேன்.

கத்தரி பிடிக்க விடுவதற்கு முன்னால் சலூனில் வைக்கிற ஸ்ட்ரெய்ட்னிங் பரீட்சையில் நான் இரண்டு தடவை தோற்றது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது தடவையும் தோற்றால் இன்னொரு வருஷம் தலை கழுவ வேண்டும். அப்போதே ஷாம்பூவில் விரலிடுக்கெல்லாம் வெடித்து, ராத்திரி கையைப் போர்வையில் வைக்க முடியாது. பழகிப் பார்க்க ஒரு தலை கிடைக்கவில்லை. தாஹி அப்போதுதான் மாடலிங் ஏஜென்சியில் சேர்ந்திருந்தாள். லேசான அலை உள்ள முடி. இலவசம் என்றதும் வந்தாள். காலை ஆறரை மணிக்கு, யாரும் வருவதற்கு முன்னால் செய்து அனுப்பினேன். அனுமதி கேட்கவில்லை, சலூன் மருந்தையே எடுத்தேன். அதனால் அவள் பெயரில் வாடிக்கையாளர் அட்டை எழுதவில்லை. அட்டை இல்லையென்றால் அந்தத் தலைக்கு எதுவும் நடக்கவில்லை என்றுதானே நம் இடத்தில் அர்த்தம்.

"யார்கிட்டயும் சொல்லிடாத, என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவளையே அட்டைப்படத்துக்கு அனுப்புவார்கள் என்று நான் கண்டேனா?

அன்றைக்கு நீங்கள் அவள் முடியை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த முடிக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணியிருக்கியாம்மா?" என்று கேட்டீர்கள். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். "இல்லக்கா" என்றாள்.

ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடியில் ப்ளீச் பட்டால் என்ன ஆகும் என்று முதல் மாதத்திலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரியும். அதனால் இன்னொன்றும் செய்தேன். நீங்கள் ப்ளீச்சை ஒன்பது சதவீத டெவலப்பரில் கலக்கச் சொன்னீர்கள். நான் மூன்று சதவீதத்தில் கலந்தேன். வலு குறைந்தால் முடி தப்பித்துவிடும் என்று நினைத்தேன். நிறம் ஏறவில்லை. நீங்கள் பத்து நிமிஷம் கூட வைத்தீர்கள். அப்போதும் ஏறவில்லை. சூடு காட்டினீர்கள். பிறகு நீங்களே புதிதாக ஒரு கிண்ணம் கலந்து அதன் மேலேயே வைத்தீர்கள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் விரல்களுக்குத் தெரியாமல் போனது உங்கள் தப்பில்லை. நான் அந்த வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

யூன்சோல்


யோங்ஜு
24 அக்டோபர் 2003

அடி பாவி,

சுத்தமாகச் செய்தாயாம். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் ரோலரோடு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்பக்கம் போய், துவைத்த துண்டுகளையே எடுத்து மறுபடி அடித்துத் துவைத்தேன். அத்தை வந்து, "துண்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

அந்தப் பத்து நிமிஷம். ஒரு வருஷமாக நான் அந்தப் பத்து நிமிஷத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். ஏன் கூட வைத்தேன், ஏன் சூடு காட்டினேன், அட்டைப்பட ஆசையில் கண் தெரியாமல் போய்விட்டதா என்று சோறு தின்னும்போதும் கேட்பேன், பல் தேய்க்கும்போதும் கேட்பேன். நீ கலந்து கொடுத்தது வெறும் தண்ணீர் மாதிரி ஒன்று. அதை வைத்துக்கொண்டு என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வருஷம் முழுக்க உனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே என் நாற்காலியில் நின்று என் வாடிக்கையாளர்களுக்கு முடி வெட்டினாய். அவர்கள் என்னைப் பற்றிப் பேசினால் உனக்கு வலித்ததாம்.

அந்தத் துண்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கூட இருந்து குழி பறித்தவர்களை உலகம் பார்த்திருக்கிறது. குழியும் பறித்துவிட்டு, விழுந்தவளுக்குத் தலையணையும் கொண்டுவந்து வைத்தவள் நீ ஒருத்திதான். அதை நான் நன்றியோடு வைத்திருந்தேன் யூன்சோல். சியோலில் ஆறு வருஷம் இருந்ததில் எனக்கு மிச்சம் என்று நான் நினைத்தது அந்த ஒரு துண்டைத்தான். அதையும் கெடுத்துவிட்டாய்.

திட்டச் சொன்னாய். திட்டி என்ன ஆகப் போகிறது? நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, முதலாளியம்மா முன்னால், என் பெயரைச் சொல்லி, எனக்கு எழுதியதை அப்படியே சொல்லு. தனியாக அறைக்குள் போய்க் கண்ணீர் விட்டுவிட்டு வராதே. நான் தரையில் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இதையும் எல்லோரும் கேட்கட்டும்.

ஷோவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு வேறு எதுவும் எழுதாதே.

ஹேரான்


சியோல்
28 அக்டோபர் 2003

ஹேரான் அக்கா,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன்.

நேற்றுத்தான் திங்கட்கிழமை. முதலாளியம்மா, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் பார்த்தார்கள். "துண்டு பத்தலை" என்றேன். நூறு துண்டு வாங்க உத்தரவு போட்டுவிட்டார்.

சிரிக்காதீர்கள். சொல்லத்தான் கையைத் தூக்கினேன்.

ஷோ முடியட்டும் அக்கா. பதினேழாம் தேதியும் திங்கட்கிழமைதான். அன்றைக்குக் கட்டாயம் சொல்கிறேன். இருபது நாள்தான் இருக்கிறது. ஒரு வருஷம் பொறுத்தவர்களுக்கு இதில் என்ன வந்தது?

இதைச் சொன்னால் இன்னும் கோபப்படுவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். யார் என்ன சொன்னாலும், பின்பக்கத்திலிருந்து ஒரு இழை எடுத்து முதலில் அதில் ப்ளீச் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தினமும் ஓதியது நீங்கள்தான். அன்றைக்கு நீங்கள் பார்க்கவில்லை. புகைப்படக்காரர் காத்திருந்தார், அவசரம். ஒரு இழை பார்த்திருந்தால் என் குட்டு அங்கேயே உடைந்திருக்கும். அது உடைந்துவிடாதா என்றுதான் நான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் நேராகத் தலையில் வைத்துவிட்டீர்கள்.

யூன்சோல்


யோங்ஜு
31 அக்டோபர் 2003

யூன்சோல்,

ஒரு இழை பார்க்கவில்லை. ஆமாம். அது என் தப்பு, அதை நான் எவளிடமும் தள்ளவில்லை. அதற்கு நான் முழங்காலிட்டது சரி. உன் பங்குக்கு யார் முழங்காலிட்டது?

நேற்று ஆப்பிள் கிடங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். மஞ்சளாக ப்ளீச் செய்ய வேண்டும் என்றாள். இதுவரை அப்படி வந்தவர்களை இங்கே மருந்து இல்லை என்று அனுப்பிவிடுவேன். நேற்று உட்கார வைத்தேன். தொட்டதுமே நுனி வேறு மாதிரி இருந்தது. "கறுப்புச் சாயம் போட்டிருக்க" என்றேன். "இல்லவே இல்லக்கா" என்று சாதித்தாள். ஒரு இழை எடுத்து வைத்துப் பார்த்தேன். பாதியில் செங்கல் நிறத்தில் நின்றுவிட்டது. "இப்ப சொல்லு" என்றதும், "போன வருஷம் அக்கா கல்யாணத்துக்குப் போட்டேன், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கண்ணை விரித்தாள். நான்கு மணி நேரம் செய்தேன். ஒரு முடி அறுந்து விழவில்லை.

என் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு வருஷம் போனது போனதுதான். அதைத் திருப்பிக் கொடுக்க உன்னிடம் என்ன இருக்கிறது?

பதினேழாம் தேதிவரை பொறுக்க மாட்டேன். வருகிற திங்கட்கிழமை மூன்றாம் தேதி. நீ வாயைத் திறக்காவிட்டால் அடுத்த திங்கட்கிழமை அந்த வரிசையில் உன் பக்கத்தில் நான் நிற்பேன்.

ஹேரான்


சியோல்
4 நவம்பர் 2003

ஹேரான் அக்கா,

சொல்லிவிட்டேன். திருப்தியா?

எல்லாவற்றையும் சொன்னேன். காலை ஆறரை மணி, அட்டை எழுதாதது, மூன்று சதவீதம், எல்லாம். உங்கள் பெயரையும் சொன்னேன். முதலாளியம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்களைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். எப்படி இருக்கிறாள் என்றாவது விசாரிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்போ ஷோவுக்குத் தாஹி தலையை யார் பண்றது?"

தாஹி என்னிடம் உட்கார மறுத்ததையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உடனே ஷோவிலிருந்து என்னை எடுத்துவிட்டார். "நாளைலேருந்து கறுப்புச் சட்டை போட்டுட்டு வா" என்றார். மறுபடி உதவியாள். இன்றைக்கு இருபத்தாறு தலை கழுவினேன். நான் பழக்கிவிட்ட பெண் எனக்கு, "தண்ணி சூடு சரியா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். உங்கள் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. போய் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள்.

உங்கள் அத்தை கடைத் தொலைபேசி எண்ணை முதலாளியம்மா என்னிடமே கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நான் செய்தது அநியாயம்தான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதைச் செய்தேன். எல்லோர் முன்னாலும் செய்தேன். ஐந்து வருஷம் உழைத்து நான் கண்ட ஒரே மேடை அது. கூப்பிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். ஷோ யாருக்கோ போகட்டும். உங்களுக்குப் போனால் என்னால் தாங்க முடியாது. நீங்கள் நல்லவர், அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

யூன்சோல்


யோங்ஜு
8 நவம்பர் 2003

யூன்சோல்,

முதலாளியம்மா புதன்கிழமையே கூப்பிட்டார். நான் பெர்ம் மருந்துக் கையோடு தொலைபேசியை எடுத்தேன். ஒரு மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். "பன்னண்டாம் தேதி வந்துடு, தங்க இடம் பாத்து வெச்சிருக்கேன்" என்றார், நான் என்னமோ லீவில் போயிருந்த மாதிரி. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "திங்கக்கிழமை கூட்டத்துல நீங்க உங்க வாயால, ஹேரான் மேல மட்டும் தப்பில்ல, என்னன்னு விசாரிக்காம அவளை மண்டி போட விட்டது என் தப்புன்னு சொல்லுங்க. சொன்னா வர்றேன்" என்றேன். பெர்ம் போட உட்கார்ந்திருந்த பெரியம்மா, "ஃபோனை வெச்சுட்டாளா?" என்று கேட்டார். வைக்கவில்லை. கடைசியில், "சரி" என்றார். நாளை மறுநாள் சொல்லாவிட்டால் நான் பஸ் ஏற மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

நான் நல்லவள் என்று உனக்கு யார் சொன்னது? முடியாது என்று சொல்வேன் என்று எப்படி நினைத்தாய்? போன வருஷம் நான் நல்லவளாக இருந்தேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், என் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். நல்லவளாக இருந்ததற்கு என்ன கிடைத்தது என்று நீயே பார்த்தாய். அந்த வேலை எனக்கு வேண்டும் யூன்சோல். சந்தையில் நின்று பெர்ம் சுற்றின ஒவ்வொரு நாளும் எனக்கு அது வேண்டியிருந்தது. உன் மேடையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். உனக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

திங்கட்கிழமை நீ வாயைத் திறந்தது பெரிய காரியம். அது எனக்குத் தெரியும். நானாக இருந்தால் அந்த வரிசையில் நின்று பேசியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஆனாலும் அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சலூனுக்கு வருவேன். அன்றைக்கு நீ லீவு போட்டுவிடு. முதலாளியம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லு. உன் முகத்தைப் பார்த்தால் என் மனசு இளகினாலும் இளகிவிடும். எனக்கு இளக இப்போது இஷ்டமில்லை.

ஹேரான்